மடி என்னுடையது

சந்தாபுரா,
9.6.2024

போன் எடுக்காத அண்ணனுக்கு,

வனஜா எழுதுவது. நான், இவர், இளவேனில் மூவரும் நலம். உன் முதுகு வலி எப்படி இருக்கிறது? மீட்டர் எடுக்க மின்வாரியம் கொடுத்த போனில் மீட்டர் மட்டும்தான் எடுப்பேன் என்று இருக்கிறவன் வாணியம்பாடியிலேயே நீ ஒருவன்தான். உன் புண்ணியத்தில் இங்கே தபால் ஆபீஸில் எனக்குத் தனி மரியாதை. இன்லண்ட் கவர் கேட்டு வருகிற ஒரே ஆள் நான்தானாம்.

இளவேனில் இன்னும் பேசவில்லை. மூன்றரை ஆகப்போகிறது. கூப்பிட்டால் திரும்புவதில்லை. ஆனால் பக்கத்து அறையில் பிஸ்கட் உறை சரசரத்தால் ஓடி வருகிறாள், ஆகவே காதில் கோளாறு இல்லை. ப்ளே ஸ்கூல் மிஸ், வீட்டில் தமிழ், தெருவில் கன்னடம், பள்ளியில் இங்கிலீஷ் என்று மூன்றைப் போட்டுக் குழப்பிவிட்டீர்கள் என்கிறாள். இவரும் பிடித்துக்கொண்டார். ஒரு மாதமாக வீட்டில் இங்கிலீஷ் மட்டும்தான். எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் காலை ஒன்பது மணிக்கெல்லாம் தீர்ந்துபோகிறது. அதற்குப் பிறகு பிள்ளையிடம் வாயை மூடிக்கொண்டு இருக்கிறேன்.

ஒன்றரை வயதுத் தடுப்பூசிக்குப் போனபோதே நர்ஸ் சில கேள்விகள் கேட்டாள். மல்லேஸ்வரத்திலிருந்து இவருடைய அக்கா பிரபா அண்ணியும் கூட வந்திருந்தார். கூப்பிட்டால் திரும்புகிறாளா, விரலால் எதையாவது காட்டுகிறாளா என்று அவள் கேட்கக் கேட்க, அண்ணி முந்திக்கொண்டு எல்லாவற்றுக்கும் "ஓ, பண்றாளே" என்றார். பெண் பார்க்க வந்தவர்களிடம் பாட்டு வரும், சமையல் வரும் என்று அடுக்குவதைப் போல. அந்நியர் முன்னால் நம் பிள்ளையை விட்டுக்கொடுக்கலாமா என்று நானும் தலையாட்டினேன். நர்ஸ் பிரச்சினை இல்லை என்று அனுப்பிவிட்டாள்.

தையில் இளவேனிலுக்கு ஐந்தாம் வயது தொடங்குகிறது. அப்போது காது குத்திவிட வேண்டும் என்கிறார் அண்ணி. தாய்மாமன் நீதான். இப்போதே சொல்லிவைக்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அன்புத் தங்கை,
வனஜா

---

வாணியம்பாடி,
20.6.2024

அன்புள்ள வனஜாவுக்கு,

உத்தமன் எழுதுவது. நலம். முதுகு வலி வெயிலில் குறைவு, நிழலில் அதிகம். மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல்.

பத்தாவதில் இங்கிலீஷில் முப்பத்தைந்து வாங்கியவள் நீ. அதையும் நான்தான் உனக்கு உருப்போட வைத்தேன். உன் இங்கிலீஷைக் கேட்டால் பேசத் தெரிந்த பிள்ளையே பேச்சை நிறுத்திவிடும். பிள்ளையிடம் நீ பேசாமல் இருக்கிறாய் என்பதுதான் எனக்குச் சரியாகப் படவில்லை.

சில விஷயம் எழுது. குக்கர் விசில் அடித்தால் காதைப் பொத்துகிறாளா? சட்டைக் கழுத்தில் உள்ளே தைத்திருக்கும் லேபிளை வெட்டினால்தான் போடுகிறாளா? ஒரே தட்டில்தான் சாப்பிடுவாளா?

மழை வருகிறது. மாடியில் துணி கிடக்கிறது. நிறுத்துகிறேன்.

உத்தமன்

---

சந்தாபுரா,
14.7.2024

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலம். நீயும் நலமாக இருக்க வேண்டும். நீ கேட்ட மூன்றுக்கும் பதில் ஆம். பிள்ளையை நீ பார்த்தே இரண்டு வருஷம் ஆகிறது, உனக்கு எப்படித் தெரிந்தது என்று யோசித்துக்கொண்டே இருந்தேன்.

இவரிடம் சொல்லாமல் அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போனேன். விடியற்காலை பஸ், காலை முழுக்க வரிசை. பிரிஜெட் என்று ஒரு மனநல ஆலோசகர். ஃப்ரேசர் டவுன் தமிழச்சி. தரையில் உட்கார்ந்து இளவேனிலோடு குமிழி ஊதி விளையாடினார், பொம்மைகளை ஒளித்துவைத்துப் பார்த்தார். அப்புறம் என்னிடம் கேள்விகள். இந்தத் தடவை நான் எல்லாவற்றையும் விட்டுக்கொடுத்தேன். உள்ளதை உள்ளபடி சொன்னேன். மூன்று முறை வரச்சொல்லிவிட்டு, டாக்டரும் பார்த்த பிறகு ஆட்டிசம் என்றார்கள்.

இதற்கு ரத்தப் பரிசோதனை, ஸ்கேன் எதுவும் கிடையாதாம். பிள்ளையைப் பார்த்து, பழகி, கேட்டுத்தான் சொல்ல முடியுமாம். நர்ஸ் கேட்டது சல்லடை மாதிரி, அதில் நின்றவர்களை அப்புறம் நிதானமாகப் பார்ப்பார்களாம். சல்லடையில் நாங்கள்தான் கல்லைப் பொறுக்கி எறிந்துவிட்டுக் கொடுத்திருக்கிறோம்.

மொழி விஷயம் கேட்டேன். பிரிஜெட்டுக்குக் கோபமே வந்துவிட்டது. "ரெண்டு பாஷை மூணு பாஷையால ஆட்டிசம் வராது. உங்களுக்கு வர்ற பாஷைல பேசுங்க. அம்மா பேசலன்னா பிள்ள யார்கிட்ட கேக்கும்?" என்றார். பஸ்ஸில் வரும்போது சந்தாபுரா வரைக்கும் பிள்ளையிடம் தமிழில் பேசிக்கொண்டே வந்தேன். கண்டக்டர் திரும்பித் திரும்பிப் பார்த்தார்.

ஒன்று சொல்ல வேண்டும். அந்தக் கேள்விகளைக் கேட்கும்போது இளவேனிலோடு இன்னொருவர் முகமும் எனக்கு வந்துகொண்டே இருந்தது. யார் என்று எழுதமாட்டேன்.

வனஜா

---

சந்தாபுரா,
25.8.2024

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலம். உன்னிடமிருந்து கடிதம் இல்லை. உடம்புக்கு ஏதாவது என்றால் பக்கத்துக் கடைக்காரரையாவது எனக்குப் போன் செய்யச் சொல்.

இங்கே ஒரே ரகளை. விஷயம் தெரிந்ததும் அண்ணி இவரை ஒரு தனியார் கிளினிக்குக் கூட்டிப்போயிருக்கிறார். ஸ்டெம் செல் ஊசி போட்டால் ஆறே மாதத்தில் பேசுவாள் என்றார்களாம். இவரும் சரியென்று நாள் குறித்துவிட்டு வந்தார். பிரிஜெட்டைக் கேட்டேன். ஆட்டிசத்துக்கு அந்த ஊசி வேலை செய்யும் என்று யாரும் நிரூபிக்கவில்லை, போடக்கூடாது என்று பெரிய டாக்டர்களே சொல்லியிருக்கிறார்கள் என்றார்.

உனக்குத் தெரியுமே, இவர் பொம்மசந்திராவில் மருந்துக் கம்பெனியில்தான் தரம் பார்க்கிறார். ஒரு மாத்திரை நிறம் மங்கலாக இருந்தால் பேட்சையே நிறுத்திவிட்டேன் என்று பெருமை அடித்துக்கொள்வார். சாப்பாடு போட்டுக்கொண்டே கேட்டேன். "உங்க கம்பெனில சோதிக்காத ஊசிய வெளிய விடுவீங்களா? அப்ப எம்பொண்ணு மேல மட்டும் ஏன்?" மனிதர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். மறுநாள் கிளினிக்குக்குப் போன் செய்து, ஊசிக்குக் குறித்த நாளை ரத்து செய்துவிட்டார். அன்றிலிருந்து அண்ணி என்னிடம் பேசுவதில்லை, அதுவும் ஒரு நிம்மதி.

நான் எழுதியது உன்னைப் புண்படுத்திவிட்டதா? ஒரு வரி போடு.

வனஜா

---

வாணியம்பாடி,
11.9.2024

வனஜாவுக்கு,

நலம். ஊசியை நிறுத்தியது நல்லது.

அந்த அம்மா கேட்ட கேள்விகளை எழுதி அனுப்பு. ஒன்று விடாமல்.

உத்தமன்

---

சந்தாபுரா,
22.9.2024

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலம். உன் கையெழுத்தைப் பார்த்த பிறகுதான் மூச்சு வந்தது. நினைவில் இருப்பதை எல்லாம் தனித்தாளில் எழுதி, இந்தத் தடவை உறையில் வைத்து அனுப்புகிறேன். அவை சின்னப் பிள்ளைகளுக்கானவை, பெரியவர்களுக்கு வேறு மாதிரி பார்ப்பார்களாம். நான் எதுவும் கேட்கவில்லை, பிரிஜெட்டே சொன்னார்.

இங்கே ஓர் ஆராய்ச்சிக் கூடத்தில் ஆட்டிசம் உள்ள பிள்ளைகளின் குடும்பங்களிலிருந்து ரத்தம் வாங்கி மரபணுக்களைப் பார்க்கிறார்கள். நாங்கள் மூவரும் கொடுக்கச் சம்மதித்துவிட்டோம். விருப்பப்பட்டால் மாமன், சித்தப்பாமாரும் கொடுக்கலாமாம். முன்கூட்டியே சொல்லிவிட்டார்கள்: இது ஒரு மரபணுவின் வேலை இல்லை, நூற்றுக்கணக்கில் இருக்கின்றன, அப்பா அம்மா இரண்டு பக்கமிருந்தும் வரும், யாரிடமும் இல்லாமல் பிள்ளையிடம் புதிதாகவும் தோன்றும். இன்னார் பக்கம் என்று எங்களுக்குத் தனியாக ஒரு முடிவும் வராது.

இதை இவர் அண்ணியிடம் சொல்ல, அவர் காதில் விழுந்தது வேறு. அவர் மகள் சுப்ரியாவுக்கு மாப்பிள்ளை பார்த்து முடிகிற நேரம். காதுகுத்துக்கு அந்த வீட்டாரும் வருகிறார்கள். யாராவது கேட்டால், "அது வனஜா பக்கத்து ரத்தம், அவ அண்ணன் ஒருத்தர் அப்படித்தான்" என்று சொல்லிவிடலாமாம். என் எதிரிலேயே சொன்னார். அதோடு நீ வரவேண்டாமாம், நம் பெரியப்பா மகன் சுதீரின் மடியில் உட்காரவைத்துக் குத்திவிடலாமாம். என் கல்யாணத்தில் கெட்டிமேளம் கொட்டியதும் நீ மண்டபத்தை விட்டு ஓடினாய் என்று பத்து வருஷமாகச் சொல்லிச் சிரிக்கிறார்கள், அதை மறுபடியும் சொன்னார்.

இப்படி நடந்துவிட்டது என்று உன்னிடம் அழுவதற்காக இதை எழுதவில்லை. என் பிள்ளை உட்கார்ந்தால் உன் மடியில்தான் உட்காருவாள், இல்லாவிட்டால் காதுகுத்தே கிடையாது என்று சொல்லிவிட்டேன். நீ வரமுடியாது என்றால் சொல். கோபித்துக்கொள்ள மாட்டேன்.

வனஜா

---

வாணியம்பாடி,
3.11.2024

அன்புள்ள வனஜாவுக்கு,

நலம். இது நீளமான கடிதம், உட்கார்ந்து படி.

தாளில் உள்ள கேள்விகளுக்குப் பதில் எழுதிப் பார்த்தேன். எனக்காகத்தான். பேச்சு: ஆறு வயதில் வந்தது. அம்மா என்னைத் தூக்கிக்கொண்டு ஏறாத கோயில் இல்லை. கண்ணைப் பார்த்துப் பேசுவது: இன்றைக்கும் எதிரில் இருப்பவர் காது மடலைப் பார்த்துத்தான் பேசுகிறேன். மற்றப் பிள்ளைகளோடு விளையாடுவது: உன்னோடு மட்டும், அதுவும் நீ கட்டாயப்படுத்தினால். ஊரெல்லாம் வீடு வீடாகப் போகிறேன், ஒரு வீட்டில் ஒரு வாய்த் தண்ணீர் வாங்கிக் குடித்ததில்லை. குடித்தால் பேச வேண்டும். போன் ஏன் எடுப்பதில்லை என்று நீயும் கேலி செய்கிறாய். முகம் தெரியாமல் ஒரு குரல் மட்டும் வந்தால் எப்போது அவர் முடித்தார், எப்போது நான் தொடங்கலாம் என்று எனக்கு விளங்குவதே இல்லை. கடிதத்தில் அந்தத் தொல்லை கிடையாது.

அந்த முகம் யாருடையது என்று நீ எழுதியிருக்கலாம். எனக்குக் கோபம் வரவில்லை. நாற்பத்து மூன்று வருஷமாக என்னைத் திமிர் பிடித்தவன், ஊமைக் கோட்டான், கிறுக்கன் என்று ஆளுக்கொரு பெயர் சொன்னார்கள். ஒரே பெயராக இருந்தால் நல்லதுதான் என்று தோன்றியது. ஆனால் அந்த எண்ணத்தோடு பழக எனக்கு இரண்டு மாதம் ஆயிற்று.

உன் கல்யாணத்தில் நான் ஓடவில்லை. உன் கையில் பொரி போட்டது யார்? நான்தான். கெட்டிமேளம் தொடங்கியதும் வெளியே போய்ச் செருப்புகளுக்குப் பக்கத்தில் நின்றேன். அங்கிருந்து ஜன்னல் வழியாக மாப்பிள்ளை தாலி கட்டியதைப் பார்த்தேன். மூன்றாவது முடிச்சு நாத்தனார் முடிச்சு, பிரபா போட்டார், கொஞ்சம் தளர்வாகப் போட்டார். ஓடியவனுக்கு இதெல்லாம் தெரியுமா?

நம் பக்கம் என்று சொல்லட்டும். ஊர்வாயை மூட உலைமூடி உண்டா? நீயே முந்திக்கொண்டு சொல். மாமனைக் கொண்டிருக்கிறாள் என்றால் அதில் வெட்கப்பட என்ன இருக்கிறது? மூக்கு மாமனைப் போல என்று சொல்லமாட்டோமா?

தையில் வருகிறேன். ரத்தமும் கொடுக்கிறேன். மேளம் மட்டும் வேண்டாம். எனக்காக இல்லை என்று பொய் சொல்லமாட்டேன், எனக்காகவும் இளவேனிலுக்காகவும்.

உத்தமன்

---

மல்லேஸ்வரம்,
2.12.2024

மதிப்பிற்குரிய உத்தமன் அவர்களுக்கு,

பிரபா எழுதிக்கொள்வது. இங்கு யாவரும் நலம். தங்கள் நலமறிய ஆவல். சுப்ரியாவுக்கு வரன் கூடிவந்திருக்கும் சந்தோஷச் செய்தியைத் தங்களுக்கும் தெரிவித்துக்கொள்கிறேன்.

தங்கள் உடல்நிலை பற்றித் தம்பி சொன்னான். கூட்டம், சத்தம் எல்லாம் தங்களுக்கு ஒத்துக்கொள்ளாது என்பது நாங்கள் அறியாததா? அவ்வளவு தூரம் சிரமப்பட்டு வரவேண்டுமே என்றுதான் என் கவலை. சுதீர் மடியில் வைத்துக் குத்தினாலும் மாமன் மடிதான். வந்திருப்பவர்கள் முன்னால் தங்களுக்கு ஏதும் சங்கடம் வந்துவிடக்கூடாது என்ற நல்லெண்ணத்தில் எழுதுகிறேன். நாலு பேர் கூடும் இடத்தில் கொஞ்சம் அட்ஜஸ்ட் செய்துகொள்வதுதானே குடும்பம்? தங்கள் சீரை பஸ்ஸில் வரும் யாரிடமாவது கொடுத்தனுப்பினால் போதுமானது.

உடல்நலனைக் கவனித்துக்கொள்ளவும்.

இப்படிக்கு,
பிரபா

---

வாணியம்பாடி,
9.12.2024

பிரபா அவர்களுக்கு வணக்கம்.

நலம். சுப்ரியாவுக்கு என் ஆசிகள்.

சீரை நானே எடுத்து வருகிறேன்.

உத்தமன்

---

சந்தாபுரா,
27.1.2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

ஊர் போய்ச் சேர்ந்தாயா? நாங்கள் நலம். சாப்பிடாமல்கூடக் கிளம்பிவிட்டாய். கைகழுவப் போனாய் என்று நான் இலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன், நீ மெஜஸ்டிக் பஸ் நிலையம் போகிற பஸ்ஸில் இருக்கிறாய்.

மேளம் வேண்டாம் என்று நான் நூறு முறை சொன்னேன். மண்டபத்தில் நுழைந்தால் மேளக்காரர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். பிள்ளை அழுகிற சத்தம் வந்தவர்களுக்குக் கேட்கக்கூடாதாம், அதற்காகக் குத்தும்போது மட்டும் கொட்டுவார்களாம். அப்போதே உன்னை வெளியே அழைத்துப் போயிருக்க வேண்டும். நீ அதற்குள் மணையில் உட்கார்ந்துவிட்டாய். இளவேனில் உன் மடிக்கு வரமாட்டாள் என்று எல்லோரும் நினைத்தார்கள். நீ அவளைக் கூப்பிடவும் இல்லை, பார்க்கவும் இல்லை. அவளாக வந்து உட்கார்ந்தாள்.

ஆசாரி கம்பியை எடுத்தார், அண்ணி விரலை உயர்த்தினார், இடி இறங்கியது போல மேளம். நீங்கள் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் காதைப் பொத்தியதைப் பார்த்துப் பின்னால் யாரோ சிரித்தார்கள். நான் உனக்குப் பின்னால் ஆரத்தித் தட்டோடு நின்றேன், உன் முதுகு மட்டும்தான் தெரிந்தது. நீ எழுந்து போய்விடுவாய் என்றுதான் நானும் நினைத்தேன். மன்னித்துவிடு, நினைத்தேன்.

"நிறுத்துங்க" என்றாய். அப்பா செத்தபோதுகூட உன் குரல் அவ்வளவு உயரவில்லை. மேளம் நின்ற பிறகு நீ சொன்னதை இவர் இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறார்: "தாய்மாமன் மடியில வெச்சுத்தான குத்தணும்? மடி என்னுது. இன்னைக்குக் குத்தல. அவளுக்கு எப்ப வேணுமோ அப்ப அவளே சொல்லுவா."

அண்ணி, "அவதான் பேசவே மாட்டாளே" என்றார்.

"நானும் ஆறு வயசு வரைக்கும் பேசல" என்றாய். பிறகு எழாமல் அப்படியே உட்கார்ந்திருந்தாய். பாவம், ஆசாரிதான் எழுந்துபோனார்.

நீ போன பிறகு நடந்தது உனக்குத் தெரியாது. சுப்ரியாவைக் கேட்டு வந்த வீட்டு அம்மா, "குழந்தை யாரைக் கொண்டிருக்கு?" என்றார். அண்ணி வாயைத் திறப்பதற்குள் நான் சொன்னேன்: "எங்க அண்ணனை. ரெண்டு பேருக்கும் ஆட்டிசம்." டாக்டர் உன்னைப் பார்த்துச் சொல்லவில்லை, நானாகத்தான் சொன்னேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்து மறைத்து எனக்குக் கை வலித்துவிட்டது. அவர்கள் சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். இன்னும் பதில் சொல்லவில்லை. அண்ணி அழுகிறார். அதைப் பார்த்தால் எனக்கும் கஷ்டமாகத்தான் இருக்கிறது. ஆனால் சுப்ரியா என்ன சொன்னாள் தெரியுமா? "இதுக்குப் பயப்படற வீடுன்னா இப்பவே தெரியட்டும் அத்தை, தாலி ஏறினப்புறம் தெரிஞ்சு என்ன பிரயோஜனம்?"

இளவேனில் அந்த மணையை விடமாட்டேன் என்கிறாள். தினமும் நடு அறையில் போட்டு உட்கார்ந்துகொள்கிறாள்.

ஆராய்ச்சிக் கூடத்துக்கு நீ தனியாகப் போனதாக பிரிஜெட் சொன்னார். ஏன் என்னைக் கூப்பிடவில்லை?

வனஜா

---

வாணியம்பாடி,
6.2.2025

இளவேனிலுக்கு,

மாமா எழுதுவது. நலம். நீயும், உன் அம்மா அப்பாவும் நலமாக இருக்க வேண்டும். இது உனக்குக் கடிதம், உன் அம்மா படித்துக் காட்டுவாள். தமிழில்தான் படிப்பாள்.

ரத்தம் கொடுத்துவிட்டேன். ஊசி போட்ட பெண், பயமா என்று கேட்டாள். கூடத்தில் மின்விசிறி கிறீச்சிடுகிறது, அதுதான் தொல்லை என்றேன். அணைத்துவிட்டாள். நல்ல பெண். உன் அம்மாவைக் கூப்பிடாததற்குக் காரணம் இருக்கிறது. அவள் வந்தால் எனக்குப் பதிலாக அவளே எல்லாவற்றுக்கும் பதில் சொல்லிவிடுவாள். பெரியவர்களைப் பார்க்கிற டாக்டரிடம் மார்ச்சில் நாள் வாங்கியிருக்கிறேன். அங்கேயும் நானே சொல்லிக்கொள்வேன்.

உன் அம்மா எனக்குப் பின்னால் நின்றதாக எழுதியிருக்கிறாள், ஆகவே அவள் பார்த்திருக்க மாட்டாள். மேளத்தை நிறுத்தச் சொல்ல நான் காதிலிருந்து கையை எடுத்தேன். கையை அசைத்தால்தான் எனக்குப் பேச்சு வரும். அப்போது சத்தம் இன்னும் நின்றிருக்கவில்லை. நீ உன் காதிலிருந்த கைகளை எடுத்து என் காதைப் பொத்தினாய். மேளம் அடங்குகிற வரைக்கும் எடுக்கவில்லை. உன் காது இரண்டும் திறந்தே இருந்தன.

நான் எழுந்து போகாததற்கு அதுதான் காரணம். உன் அம்மாவிடம் சொல்.

காது உன்னுடையது. குத்திக்கொள்ள வேண்டும் என்று தோன்றினால் மணையைத் தூக்கிக்கொண்டு வா. மடி இங்கே இருக்கிறது.

உன் மாமா,
உத்தமன்